எ-க்கு இழுத்த கோடு

ஜனவரி 7

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் ஏதோ இருக்கிறேன். குட்டிக்கு இருமல் குறைந்ததா?

மாற்றல் மனு இந்த முறையும் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவை. மேலதிகாரியின் காலில் விழாத குறைதான். "வீட்டுக்காரர் இறந்ததுக்காக இரக்கப்பட்டுக் குடுத்த வேலைம்மா இது. ஊரையும் நீங்களே சொன்னா எப்படி?" என்றார். வெளியே வந்து மின்சார மீட்டர் சோதனை மேசையில் உட்கார்ந்தேன். இருபது மீட்டரின் தட்டுகள் ஒரே வரிசையில் சுற்றிக்கொண்டிருந்தன. அன்றைக்குச் சுற்று எண்ணியதெல்லாம் தப்பு.

ஆறு மாதம் என்று சொல்லிக் குட்டியை உங்களிடம் விட்டேன். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. இந்த ஊர் ஈரத்தில் அவளுக்கு மூச்சு இழுத்ததை நீங்களே பார்த்தீர்கள். மறுபடி இங்கே கொண்டுவந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதையும் கேட்டீர்கள். அவள் இங்கே வர முடியாது. நான்தான் அங்கே வர வேண்டும்.

நேற்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். துறையின் செஸ் அணிக்கு நாலு பேர் எடுக்கிறார்கள். நாலாவது இடம் பெண்களுக்கு. தேர்வானவர்கள் பயிற்சிக்காகத் தலைமை அலுவலகத்திலேயே வேலை பார்க்கலாம். தலைமை அலுவலகத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு நடந்தால் கால் மணி. ஆட்டம் ஆகஸ்டில்.

எனக்குக் காய் நகர்த்த மட்டும் தெரியும். அதுவும் அவர் உயிரோடு இருந்தபோது விடுமுறை நாட்களில் சொல்லிக்கொடுத்தது. நீங்கள் கல்லூரியில் மெடல் வாங்கியவர். கடிதத்திலேயே எனக்குக் கற்றுக்கொடுங்கள் அண்ணி. இதை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

குட்டிக்கு என் முத்தம்.

உங்கள் சின்னவள்

ஜனவரி 22

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே மூவரும் நலம். குட்டிக்கு இருமல் போய்விட்டது. உன் அண்ணன் லாரியோடு போய் ஒன்பது நாளாகிறது, சனிக்கிழமை வருவார்.

காய் நகர்த்த மட்டும் தெரிந்தவள் அணியில் இடம் கேட்கிறாயே, உன் துணிச்சலுக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். சரி, ஆரம்பிப்போம். செஸ் விதிகளைப் படித்து வராது. பலமான ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துத்தான் வரும். எனக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகம் ஒன்று அலமாரியில் தூங்குகிறது. அதிலிருந்து ஆட்டங்களை அனுப்புகிறேன். ஒவ்வொன்றையும் நல்ல கட்டத்தில் நிறுத்திவிடுவேன். அந்த இடத்தில் நீ என்ன ஆடுவாய், ஏன் ஆடுவாய் என்று எழுது. அவன் என்ன ஆடினான் என்று நான் அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். உன் மூளைக்கும் அவன் மூளைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அப்போது தெரியும். அந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் படிப்பு.

கட்டங்களுக்குப் பெயர் வேண்டுமே. குட்டிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. இடமிருந்து வலமாக எட்டுப் பத்திகள்: அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ. கீழிருந்து மேலாக ஒன்று முதல் எட்டு. எட்டு எழுத்து எட்டுப் பத்திக்குச் சரியாக வந்துவிட்டது பார்.

முதல் ஆட்டத்தைத் தனித் தாளில் படமாக வரைந்திருக்கிறேன். வெள்ளை உன் பக்கம். உன் யானை உ3-ல், மந்திரி ஆ2-ல். எதிராளி ராஜா எ8-ல் ஒளிந்திருக்கிறார். சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். அங்கே எல்லோருக்கும் அப்படியே இருக்கட்டும்.

பத்து நாள் அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தினேன். அட்டையில் கட்டம் போட்டு, பழைய மீட்டர் திருகாணிகளைக் காயாக வைத்தேன். பக்கத்து மேசைக்காரர், "என்னம்மா, மீட்டரைப் பிரிச்சு வித்துட்டீங்களா?" என்று கேட்டார்.

என் பதில்: யானை எ3. மந்திரி ஆ2-லிருந்து கோணமாக எ7-ஐப் பார்க்கிறார். யானையும் வந்து நேராக எ7-ஐப் பார்த்தால் இருவர் கண்ணும் ஒரே இடத்தில். அங்கேதான் ராஜாவுக்கு முன்னால் ஒரே ஒரு சிப்பாய் நிற்கிறான். சரியா? சரியாக இருந்தால் எனக்கு ஒரு வாரம் சோறு வேண்டாம்.

குட்டி என்ன பேசுகிறாள்? அவள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். என்னைக் கேட்கிறாளா? போன ஜூனில் நாலு நாள் வந்தபோது உங்கள் பின்னால் ஒளிந்துகொண்டாள். இப்போது வளர்ந்திருப்பாள், புரியும்.

உங்கள் சின்னவள்

பிப்ரவரி 25

அன்புள்ள சின்னவளுக்கு,

பதறாமல் படி. குட்டிக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். இப்போது இறங்கிவிட்டது. இதை வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அண்ணன் ஊரில் இல்லை. ஐந்து நாளும் அவள் என் கழுத்தை விடவில்லை, என் தோள் இன்னும் வலிக்கிறது.

ஆட்டத்தின் பதில்: யானை ஏ3. அதன் பிறகு ஆறே நகர்த்தலில் முடிந்துவிட்டது. அடுத்த படமும் இதோடு இருக்கிறது.

வேறு எழுத நேரமில்லை. அவள் கூப்பிடுகிறாள்.

அண்ணி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தேன். ஐந்து நாள் அவள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள், நான் மீட்டர் தட்டு எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். விடுப்புக் கேட்டேன். ஆண்டு முடிவுக் கணக்கெடுப்பு, யாருக்கும் இல்லை என்றுவிட்டார்கள். கழிப்பறையில் போய் அழுதேன். நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பாள். உங்களுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.

ஆட்டத்தில் தோற்றுவிட்டேன். நான் எ3 என்றேன், அவன் ஏ3 ஆடியிருக்கிறான். ஒரு கட்டம்தான் வித்தியாசம். ஆனால் எவ்வளவு யோசித்தும் ஏ3 ஏன் என்று மண்டையில் ஏறவில்லை. அங்கே நின்றால் யானை மந்திரிக்கு உதவவே இல்லையே. பெரிய ஆட்டக்காரன் கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து விளக்குங்கள். இரண்டாவது படத்துக்கு என் பதில் தனித் தாளில்.

என்னைக் கேட்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் சின்னவள்

ஏப்ரல் 12

அன்புள்ள சின்னவளுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. இங்கே எல்லோரும் நலம். குட்டிக்கு முடி வெட்டினோம். சைக்கிளில் மூன்று சக்கரத்தை விட்டுவிட்டு இரண்டு சக்கரம் வேண்டும் என்கிறாள்.

ஏ3 ஏன் என்று கேட்டிருந்தாய். நீ அவசரக்காரி, அதுதான் காரணம். எ3 ஆடினால் உன் நோக்கம் எதிராளிக்குத் தெரிந்துவிடும். எ6 என்று சிப்பாயைத் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவான். பலமான ஆட்டக்காரன் ஆசைப்பட்ட இடத்துக்கு நேராகப் போகமாட்டான். பக்கத்தில் போய் நின்று காத்திருப்பான். இதை மனதில் எழுதிக்கொள்: உனக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் தப்பு.

இரண்டாவது படத்திலும் உன் பதில் தப்பு. ராணி எ4 இல்லை, ஏ4. இன்னும் மூன்று படம் வைத்திருக்கிறேன். முடிவுவரை எழுத இடம் இல்லை. அதற்கு அவசியமும் இல்லை, அந்த ஒரு நகர்த்தலில் இருக்கிறது பாடம்.

அண்ணி

ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை.

மே மாதத்தில் நீங்கள் அனுப்பிய தாளையும் சேர்த்து இதுவரை ஒன்பது படத்துக்கு முடிவு வந்திருக்கிறது; பத்துக்கும் பதினொன்றுக்கும் என் பதில் இதோடு. இரண்டில்தான் சரி. ஏழு தப்பு. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதிலேயே போகிறது. பஸ்ஸில் காய்கள் கண்முன்னால் நிற்கின்றன. இவ்வளவு உழைத்தும் என் மூளைக்கும் அவர்கள் மூளைக்கும் நடுவே தூரம் குறையவில்லை, கூடுகிறது. நான் முட்டாள் என்று தெரிந்துகொள்ள இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம்.

முதல் படத்தை இன்னும் மறக்க முடியவில்லை. எதிராளி எ6 தள்ளிக் கதவைச் சாத்துவான் என்றீர்கள். ஆனால் அவன் தள்ளினால் எ7 காலியாகிவிடுமே. என் மந்திரிக்கு ஆ2-லிருந்து மூலைவரை பாதை திறந்துவிடுமே. அது சாத்துகிற கதவா, திறக்கிற கதவா? நான் எங்கே தப்பாகப் பார்க்கிறேன்? கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள், கோபப்படாதீர்கள்.

இன்னும் இரண்டு மாதம். இதில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த தேர்வு மூன்று வருஷம் கழித்துத்தான். அப்போது குட்டிக்கு எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளையிடம் போய், "நான்தான் உன் அம்மா, வா போகலாம்" என்று சொன்னால் வருவாளா?

அவள் என்னைக் கேட்கிறாளா அண்ணி? மூன்றாவது முறை கேட்கிறேன்.

உங்கள் சின்னவள்

ஜூலை 20

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். வீட்டில் வேலை அதிகம், அதனால் சுருக்கமாக.

பத்தாவது, பதினோராவது படங்களிலும் உன் பதில் தப்பு. பழையதைக் கிளறாதே, குழம்பிப் போவாய். ஆட்டத்தன்று முதலில் தோன்றுவதை ஆடாதே. அதற்குப் பக்கத்துக் கட்டத்தைப் பார். அவ்வளவுதான் நான் சொல்வேன்.

குட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம்.

அண்ணி

ஆகஸ்ட் 21

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பெண்கள் வந்திருந்தோம். இங்கே எங்கள் அலுவலகச் சிற்றுண்டிக் கூடத்தில் மேசைகளைத் துடைத்துவிட்டு ஆட வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து ஆட்டம். மூன்று ஜெயித்தேன், ஒன்று தோற்றேன். கடைசி ஆட்டம் ஸ்டோர்ஸ் பிரிவு எழுத்தர் அம்மாவுடன். ஜெயித்தால் எனக்கு முதலிடம். இருபத்திரண்டாவது நகர்த்தலில் என் ராணி எ4-க்குப் போக வேண்டும் என்று தோன்றியது. போனால் அவருக்கு மூச்சுவிட வழியில்லை. கையை நீட்டிவிட்டேன். அப்போது உங்கள் குரல் கேட்டது, அவசரக்காரி என்று. பக்கத்துக் கட்டத்தில் வைத்தேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, ராணிக்கு ராணி மாற்றிக்கொண்டார். ஆட்டம் சமனில் முடிந்தது. எனக்கு மூன்றாவது இடம்.

முடிந்தபின் அந்த எழுத்தரே ஆச்சரியமாகக் கேட்டார். "ஒரு கட்டம் தள்ளி ஏன் வெச்சீங்க? நான் தோத்துட்டேன்னு எழுந்திருக்கத் தயாரா இருந்தேன்." என் அண்ணி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்றேன். அவர் பையில் ஒரு புத்தகம் இருந்தது. பலமான ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள். புரட்டினேன். மூன்றாவது பக்கத்திலேயே எனக்குத் தெரிந்த படம். யானை உ3-ல், மந்திரி ஆ2-ல்.

கட்டங்களின் பெயரை ஆங்கில எழுத்துகளில் அச்சிட்டிருந்தார்கள். யானை போன பத்தியை விரல் வைத்து எண்ணினேன். ஏழாவது பத்தி. நாலு தடவை எண்ணினேன். எட்டாவது இல்லை, ஏழாவது. எ3.

புத்தகத்தை இரவல் வாங்கி, பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பதினோரு படத்தையும் தேடி எடுத்தேன். எட்டில் நான் எழுதியதைத்தான் அவர்கள் ஆடியிருக்கிறார்கள். எட்டு, அண்ணி. அதில் இரண்டை மட்டும் சரி என்றீர்கள். மற்ற ஆறில் பதிலைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் எ-வுக்கு ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான் வேலை.

ஏன் என்று கேட்கமாட்டேன். எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. முதலிடம் வாங்கிய தட்டச்சர் பிரசவ விடுப்பில் போகிறாராம், இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வந்த அந்த எழுத்தருக்கும் எனக்கும் புள்ளி ஒன்றுதான் என்பதால் அக்டோபர் முதல் வாரம் நாங்கள் இருவரும் மறுபடி ஆட வேண்டும். என்னால் ஆட முடியாது. எந்தக் காயைத் தொட்டாலும் உங்கள் குரல் கேட்கிறது. சரியானதைப் பார்த்தால்கூட அது எனக்குத் தப்பாகத்தான் தெரிகிறது. என்னை இப்படிப் பாழாக்கிவிட்டீர்கள்.

சின்னவள்

செப்டம்பர் 17

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

முதல் தடவை நடந்தது கைத்தவறு. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் தூக்கமில்லாமல் எழுதியது. எ என்று எழுதப் போய்க் கோடு இழுபட்டுவிட்டது. நீ மார்ச்சில் கேட்டு எழுதியபோதுதான் பார்த்தேன். ஒரு வரி எழுதினால் தீர்ந்திருக்கும்: "தப்பு என்னுடையது, உன் பதில்தான் சரி." பேனாவை எடுத்தேன். உன் பதிலைத் திரும்பப் படித்தேன். இருவர் கண்ணும் ஒரே இடத்தில் என்று எழுதியிருந்தாயே, இரண்டு வாரம் படித்தவள் எழுதுகிற வரி இல்லை அது. இவள் ஜெயித்துவிடுவாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெயித்தால் வருவாய். வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போவாய். என் கை ஓடவில்லை. ஐந்து வாரம் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏ3-க்கு ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதினேன். அடுத்த கோடுகளை நானேதான் இழுத்தேன். ஆட்டத்தின் முடிவை அனுப்பினால் யானை எ7-ல் வெட்டுவதைப் பார்த்துவிடுவாய், அதனால் அனுப்பவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். உன் பிள்ளையை வைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, காலையில் அவள் எழுந்திருக்கும் சத்தத்துக்காக முன்னாலேயே விழித்துக் காத்திருக்கிற ஆசை. உன் அண்ணனிடம் நேற்றுச் சொன்னேன். லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூனில் நீ கேட்டாயே, அது திறக்கிற கதவா என்று. ஆமாம். திறக்கிற கதவுதான். அதைத் தானாகப் பார்த்தவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. பதினோரு ஆட்டங்களையும் முடிவுவரை அந்தப் புத்தகத்திலிருந்து அப்படியே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ சரியாகச் சொன்ன எட்டு இடத்திலும் சிவப்பு மையில் "சரி" என்று போட்டிருக்கிறேன். நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த எழுத்தரின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார். என் குரல் கேட்டால் அதை வெளியே போகச் சொல். முதலில் தோன்றுவதை ஆடு.

மன்னிப்பாயா என்று கேட்கத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணி

அக்டோபர் 12

அண்ணிக்கு,

குட்டியும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். நீங்களும்.

ஸ்டோர்ஸ் எழுத்தருடன் இரண்டு ஆட்டம். முதலாவது சமன். இரண்டாவது நாலு மணி நேரம் இழுத்தது. அழகான ஆட்டம் ஒன்றும் இல்லை. கடைசியில் அவரிடம் ராஜாவும் மூன்று சிப்பாயும், என்னிடம் ராஜாவும் மூன்று சிப்பாயும். என் வேலையே எண்ணுவதுதானே, எண்ணினேன். ஒரு நகர்த்தல் நான் முன்னால் இருந்தேன். ஜெயித்துவிட்டேன். அவர் எழுந்து என் கையைக் குலுக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் உங்கள் ஊரில் யாரோ இருந்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

உத்தரவு நேற்றுக் கையில் கிடைத்தது. முப்பதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். தலைமை அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறார்கள். சுவர் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை விசாரித்தேன்.

மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது ஐந்து நாள் தோளில் சுமந்தது நீங்கள்தான். என்னை முட்டாள் என்று நம்ப வைத்ததும் நீங்கள்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை. ஒருவேளை நேரில் வரும்.

ஒரே ஒரு உதவி. குட்டியிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அம்மா வருகிறாள் என்று. அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். அதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் எழுதுங்கள்.

சின்னவள்

அக்டோபர் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் வந்துவிட்டார். முப்பதாம் தேதி ரயிலடிக்கு அவர் வருவார். குட்டியின் சட்டைகளைத் துவைத்து மடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வீட்டு முகவரியை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மருந்துச் சீட்டு, எந்த மருந்து எப்போது என்பதெல்லாம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அதில் தப்பு எதுவும் இல்லை, மூன்று முறை சரிபார்த்தேன்.

ஜெயித்தாய் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. நம்பமாட்டாய். நம்ப வேண்டாம்.

நீ வருஷம் முழுக்கக் கேட்ட கேள்விக்கு நான் ஒரு தடவையும் பதில் எழுதவில்லை. அவள் உன்னைக் கேட்பதில்லை. யாரைக் கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. போன கடிதத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட நான் இதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

நீ சொன்னபடி நேற்றுச் சாயங்காலம் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "குட்டி, பத்து நாள்ல அம்மா வரப்போறாங்க" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

"நீதான் இங்கயே இருக்கியே, இன்னும் எங்கேருந்தும்மா வருவே?"

நீ சீக்கிரம் வா.

அண்ணி